தாத்தா காலத்து பெல்ட் மிஷின்களை மறுபடி ஓட்டலாமா?

நீங்கள் கேட்டது இதுதான். காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில், தாத்தா வாங்கி வைத்த மிஷின்கள் சாளையில், அதாவது தோட்டத்துக் கொட்டகையில், கிடக்கின்றன. ஒரு 6 எச்பி ஆயில் இன்ஜின், அது இழுத்த பம்பு, மாட்டுக்குத் தட்டு (சோளத்தட்டை மாதிரித் தீவனம்) வெட்டும் மிஷின், கடலை உடைக்கும் மிஷின். எல்லாம் பட்டை பெல்ட்டில் ஓடியவை, பதினைந்து வருடமாகச் சும்மா நிற்பவை. கையில் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் 3 எச்பி மோட்டார் ஒன்று இருக்கிறது, அதில் 6 அங்குல புல்லி (பெல்ட் ஓடுகிற சக்கரம்) மாட்டியிருக்கிறது. தட்டு மிஷினின் புல்லி 18 அங்குலம், கத்தி பூட்டிய அதன் சக்கரம் 4 அடி. "மோட்டாரை நேராகப் பூட்டிவிடலாமா, இல்லை எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா" என்பது உங்கள் கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த இரும்பு இன்னும் தாங்குமா என்பது ஒன்று. எந்த வேகத்தில் ஓட்டினால் தாங்கும் என்பது மற்றொன்று. முதல் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆளைக் கொல்வது இரண்டாவது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் நினைத்திருக்கிற மாதிரி அந்த மோட்டாரை அந்தப் புல்லியோடு தட்டு மிஷினில் பூட்ட வேண்டாம். மிஷினை இரும்புக்கும் போட வேண்டாம். நடுவில் ஒரு ஷாப்ட் (சுற்றுகிற தண்டு) வைத்து வேகத்தைக் குறைத்தால், சக்கரத்தில் விரிசல் இல்லாத பட்சத்தில், அது இன்னும் பல வருடம் ஓடும்.

நான் ஐடிஐ ஃபிட்டர் படித்துவிட்டு, பல்லடம் பக்கத்தில் லேத் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். ஆயில் இன்ஜின், ரைஸ் மில் ஹல்லர், கரும்பு ஆலை, தட்டு மிஷின் என்று பெல்ட்டில் ஓடுகிற எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறேன். ஆனால் நீங்கள் போட்ட படத்தை வைத்து விரிசல் இருக்கிறதா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது. தட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மோட்டாரின் வயரிங், எர்த், ஸ்டார்ட்டர் இதெல்லாம் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வேலை. அதில் நான் வாய் வைக்கவில்லை.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்த மிஷின்கள் பிறந்த காலத்தில் இழுத்த இன்ஜின்கள் மெதுவானவை. உங்கள் படத்தில் இருப்பது இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி செய்த இன்ஜினைப் பார்த்துச் செய்த நகல். 1930 வாக்கில் வந்த முதல் மாடல் 5 எச்பி, நிமிடத்துக்கு 600 சுற்று. பிறகு வந்த 6 எச்பி 650 சுற்று, 8 எச்பி 850 சுற்று. ராஜ்கோட் பட்டறைகள் இதே அச்சில் வார்த்து நாடு முழுக்க அனுப்பின. நம் பக்கம் கிடப்பதில் பெரும்பாலானவை அவைதான். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண மோட்டார் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேகம். அதே புல்லிகளை வைத்துக்கொண்டு இன்ஜினை எடுத்துவிட்டு மோட்டாரை வைத்தால், மிஷினும் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக ஓடும். இதைக் கவனிக்காமல் பூட்டியவர்களிடம் இருந்துதான் எனக்கு உடைந்த சாமான்கள் வந்துகொண்டே இருந்தன.

கணக்கு எளிது. ஓட்டுகிற புல்லியின் அளவை அதன் சுற்றால் பெருக்கி, ஓடுகிற புல்லியின் அளவால் வகுத்தால் மிஷினின் சுற்று வரும். உங்கள் மோட்டாருக்கு 1440 பெருக்கல் 6, வகுத்தல் 18. வருவது 480 சுற்று. பெல்ட் கொஞ்சம் வழுக்கும், நூற்றுக்கு இரண்டு மூன்று போகும், அதை விடுங்கள். இப்போது அந்த 4 அடிச் சக்கரத்தைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு அதன் விளிம்பு பன்னிரண்டரை அடி போகிறது. 480 சுற்றில் நிமிடத்துக்கு 6,000 அடி. வார்ப்பிரும்புச் சக்கரத்தின் விளிம்பு நிமிடத்துக்கு ஒரு மைல், அதாவது 5,280 அடியைத் தாண்டக் கூடாது என்பது பழைய மில் வேலைக்காரர்கள் வைத்திருந்த கணக்கு. அதுவும் விரிசல் இல்லாத, கத்தி பூட்டாத வெறும் சக்கரத்துக்கு. உங்கள் சக்கரத்தில் இரண்டு கத்திகள் தொங்குகின்றன, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை தட்டில் மோதுகின்றன. அதையே 240 சுற்றில் ஓட்டினால் விளிம்பு 3,000 அடி சொச்சம்தான் போகும். வேகம் பாதியானால் சக்கரத்தைப் பிய்க்கிற இழுவிசை நாலில் ஒன்றாகக் குறையும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறி இறங்குவது. வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்கை கொடுக்காது. நேற்று வரை நன்றாக ஓடியது இன்று துண்டாகப் பறக்கும்.

அப்புறம் இன்னொன்று. அது இன்ஜினில் ஓடிய பவர் மிஷினா, கையால் சுற்றிய மிஷினுக்குப் பிறகு யாரோ புல்லி மாட்டியதா என்று பாருங்கள். சக்கரத்தின் ஆரத்தில் மரக் கைப்பிடி இருந்த ஓட்டை தெரிந்தால் அது கை மிஷின். கையால் சுற்றும்போது 40, 50 சுற்றுக்கு மேல் போகாது. அந்தச் சக்கரத்தை மோட்டாரில் பூட்டச் சொல்லி என்னிடம் யார் வந்தாலும் நான் செய்து கொடுப்பதில்லை. நீங்களும் செய்ய வேண்டாம். இனி சொல்வதெல்லாம் பவர் மிஷினுக்கு மட்டும்.

சக்கரத்தைக் கழற்றி, ஒரு சங்கிலியில் தரைக்கு அரை அடி மேலே தொங்கவிடுங்கள். சின்னச் சுத்தியலால் விளிம்பிலும் ஒவ்வொரு ஆரத்திலும் தட்டுங்கள். நல்ல வார்ப்பு கோயில் மணி மாதிரி நீளமாகப் பாடும். விரிசல் இருந்தால் உடைந்த பானையைத் தட்டின மாதிரி சத்தம் சட்டென்று செத்துவிடும். சத்தம் நன்றாக இருந்தாலும் அதோடு விடக் கூடாது. கத்தி போல்ட் ஓட்டைகளைச் சுற்றியும், நடுக்குடத்தில் சாவி (சக்கரத்தை ஷாப்டோடு பூட்டுகிற இரும்பு ஆப்பு) போகிற காடியின் மூலையிலும் துருவைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவுங்கள். பத்து நிமிடம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கின எண்ணெய் மெதுவாக மேலே வந்து, வெள்ளைப் பொடியில் முடி போல ஒரு ஈரக்கோடு விழும். அப்படி ஒரு கோடு விழுந்தால் அந்தச் சக்கரத்தின் கதை முடிந்தது. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். வார்ப்பிரும்பில் வைத்த வெல்டிங் வீட்டுக் கேட்டுக்குச் சரி, சுற்றுகிற சக்கரத்துக்கு ஆகாது.

விரிசல் இல்லை என்றால் கத்திக்கு வாருங்கள். இரண்டு கத்தியும் ஒரே எடை இருக்க வேண்டும். சாணை பிடிக்கிறவர் ஒன்றை அதிகமாகத் தேய்த்துவிடுவார், அதனால் மளிகைத் தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள். போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள், தலையில் 8.8 என்று வலுவின் குறி பொறித்திருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கத்திக்கும், தட்டு வெளியே வருகிற வாய்த்தகட்டுக்கும் நடுவே ஒரு காகிதத்தைப் பிடித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால், கத்தியின் நீளம் முழுக்கக் காகிதம் சுத்தமாக நறுக்குப்பட வேண்டும். ஒரு மூலையில் மடங்கினால் அந்த இடத்தில் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். இதைச் சரி செய்தாலே பாதி பாரம் குறைந்துவிடும். 3 எச்பி போதவில்லை என்று வருகிற மிஷின்களில் பாதிக்குக் கத்தி மழுங்கியிருக்கும்.

இப்போது பெல்ட். மோட்டாரில் 3 அங்குலப் புல்லி மாட்டினால் 240 சுற்று கணக்கில் வந்துவிடும். ஆனால் அவ்வளவு சின்னப் புல்லியைப் பட்டை பெல்ட் சரியாகப் பிடிக்காது, பாரம் வந்ததும் வழுக்கும். அதனால்தான் நடு ஷாப்ட் சொல்கிறேன். மோட்டாரில் 5 அங்குலம், நடு ஷாப்டில் 15 அங்குலம், இரண்டு பி சைஸ் வி பெல்ட் (புல்லியின் பள்ளத்தில் உட்காருகிற ஆப்பு வடிவ பெல்ட்). நடு ஷாப்ட் 480 சுற்று ஓடும். அதே ஷாப்டில் 9 அங்குலப் பட்டைப் புல்லி ஒன்று மாட்டி, அங்கிருந்து பழைய 18 அங்குலப் புல்லிக்கு 3 அங்குல அகல கேன்வாஸ் பெல்ட். மிஷின் 240 சுற்றில் நிற்கும். பி பெல்ட்டுக்கு 5 அங்குலத்துக்குக் கீழே புல்லி போடாதீர்கள், பெல்ட் உள்ளே வெடித்துவிடும். இரண்டு வி பெல்ட்டையும் ஒரே நேரத்தில், ஒரே கம்பெனியாக வாங்குங்கள். பழசும் புதுசும் கலந்தால் ஒன்றே முழுப் பாரத்தையும் இழுக்கும். நடு ஷாப்ட் வேண்டாம் என்றால் 960 சுற்று மோட்டார் வாங்கலாம். விலையும் எடையும் அதிகம், கையில் ஒரு மோட்டார் இருக்கும்போது அது வீண் செலவு.

கடைசிக் கட்டத்துக்குப் பட்டை பெல்ட்டையே வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தட்டுக்குள் ஒரு கல்லோ கம்பியோ போய்ச் சிக்கினால் பட்டை பெல்ட் வழுக்கும், இல்லாவிட்டால் புல்லியை விட்டு இறங்கிவிடும். வி பெல்ட் அவ்வளவு எளிதில் விடாது, கத்தியோ சக்கரமோதான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். ஆலையிலும் ஹல்லரிலும் இந்த வழுக்கலே பல தடவை மிஷினைக் காப்பாற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

பட்டை பெல்ட்டைப் பூட்டுவதில் கைப்பக்குவம் உண்டு. இரண்டு ஷாப்டுக்கும் நடுவே குறைந்தது 6 அடி விடுங்கள். புல்லிகளின் முகத்தில் ஒரு நூலை இழுத்துப் பிடித்து, இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இழுக்கிற பக்கம் கீழேயும் தொய்வான பக்கம் மேலேயும் வருகிற மாதிரி மோட்டார் சுற்ற வேண்டும். அப்போது தொய்வு தன் கனத்தால் புல்லியைச் சுற்றி இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொள்ளும். பழைய புல்லியின் நடுப்பகுதி லேசாக மேடாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தேய்மானம் என்று நினைத்து லேத்தில் சமமாக்கச் சொல்லி ஒருவர் கொண்டுவந்தார். அந்த மேடுதான் பெல்ட்டை நடுவில் நிறுத்துகிறது. பட்டை பெல்ட் எப்போதும் உயரமான இடத்தை நோக்கி ஏறும். அதைச் செதுக்கிவிட்டால் பெல்ட் நிற்கவே நிற்காது.

வழுக்கினால் பிசின்கட்டி தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். அப்போதைக்குப் பிடிக்கும், இரண்டு நாளில் பெல்ட் கண்ணாடி மாதிரி பளபளப்பாகி இன்னும் வழுக்கும். கேன்வாஸ் பெல்ட்டுக்கு எண்ணெயும் கூடாது, பிசினும் கூடாது. வழுக்கினால் தொய்வு அதிகம், அல்லது கத்தி மழுங்கல், அல்லது புல்லியில் கிரீஸ். அதைப் பாருங்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணனுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. ஓடுகிற பெல்ட்டில் பிசின் தேய்க்கப் போய், பெல்ட்டும் புல்லியும் சேருகிற அந்த இடுக்கு கையை இழுத்துக்கொண்டது. அன்று ஸ்விட்ச் இருந்தது சாளைக்கு வெளியே, முப்பது அடி தள்ளி. நான்தான் ஓடிப்போய் நிறுத்தினேன். அதிலிருந்து, ஸ்விட்ச் கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லாத மிஷினுக்கு நான் பெல்ட் மாட்டியதில்லை.

அதனால் காப்பு விஷயத்தில் என்னிடம் சமாதானம் கிடையாது. மோட்டார் பெல்ட், நடு ஷாப்ட், பட்டை பெல்ட் ஏறுகிற இடம், கத்திச் சக்கரம் நான்குக்கும் கம்பி வலையோ தகடோ அடித்து மூடுங்கள். தட்டு ஊட்டுகிற தொட்டி குட்டையாக இருந்தால் நீட்டுங்கள். கதிரடிக்கும் மிஷினுக்கு இந்தியத் தர விதி சொல்கிற அளவு குறைந்தது 90 செ.மீ. நீளம், அதில் உருளையை ஒட்டிய 45 செ.மீ. மேலே மூடியிருக்க வேண்டும். தட்டு மிஷினுக்கும் நான் அதே அளவில்தான் தொட்டி செய்து கொடுக்கிறேன், முழங்கை வரை உள்ளே விட்டாலும் விரல் உருளையைத் தொடாது. விவசாய மிஷின்களில் கை போனவர்கள் அவ்வளவு பேர் இருந்ததால்தான் 1983ல் அபாயகரமான இயந்திரங்கள் சட்டம் என்று தனியாக ஒன்றே கொண்டுவந்தார்கள். துண்டு, முந்தானை, பின்னல், வேட்டி நுனி எதுவும் தொங்கக் கூடாது. ஷாப்டின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கிற கொண்டைச் சாவிக்கு (தலை வைத்த ஆப்புக்கு) ஒரு குழாய் மூடி போடுங்கள். சுற்றும்போது அது கண்ணுக்கே தெரியாது, துணி பட்டால் சுருட்டிக்கொள்ளும்.

கடலை மிஷினுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதே நடு ஷாப்டிலிருந்து ஓட்டலாம். வேகம் கூடினால் பருப்பு உடையும், அதனால் மெதுவாகத் தொடங்கி, உடைசல் குறைவாக இருக்கிற வேகத்தில் நிறுத்துங்கள். விதைக் கடலைக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள், கையால் ஆட்டுகிற மிஷினே மேல். உமித்தூசு மோட்டார் மேல் படியும், பட்டை பெல்ட்டில் பொறியும் வரும். அதனால் தினமும் கூட்டிவிடுங்கள்.

பம்பை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. அது நல்ல பம்பாகவே இருக்கலாம், ஆனால் மேலே நின்று உறிஞ்சுகிற பம்பு எதுவானாலும் நடைமுறையில் இருபது அடி சொச்சம் ஆழத்துக்கு மேல் நீரை இழுக்காது. உங்கள் கிணற்றில் தண்ணீர் அதற்குள் நிற்கிறதா? காங்கேயம் பக்கம் பெரும்பாலும் நிற்பதில்லை. நிற்கிறது என்றால் ஓட்டலாம், ஆனால் வேகத்தைக் கூட்டி அதிகத் தண்ணீர் எடுக்க நினைக்காதீர்கள். பம்பின் வேகத்தை நூற்றுக்குப் பத்து கூட்டினால் தண்ணீரும் நூற்றுக்குப் பத்துதான் கூடும், இழுக்கிற பாரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மோட்டார் எரிவது இப்படித்தான்.

இன்ஜினைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனாலும் அதை விற்காதீர்கள் என்று சொல்வேன். தினசரி வேலைக்கு அது கட்டுப்படியாகாது, 5 எச்பி பாரம் இழுத்தால் மணிக்கு ஒன்றேகால் லிட்டர் டீசல் குடிக்கும். கரண்ட் இல்லாத நாளைக்கு அது போதும், அந்த நாளைக்கு அதைவிட நம்பிக்கையான சாமான் உங்களிடம் வேறு இருக்காது. பதினைந்து வருடம் நின்றதை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். டேங்கில் இருக்கிற பழைய டீசலைக் கொட்டி, டேங்கையும் ஃபில்டரையும் கழுவுங்கள். அடியில் இருக்கிற ஆயிலை இறக்கினால் கறுப்புச் சேறு வரும், அதையும் வழித்து எடுத்துவிட்டு 30 கிரேடு ஆயில் ஊற்றுங்கள். டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கிற டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வைத்துக்கொண்டு பிளைவீலை (இன்ஜினின் கனச் சக்கரத்தை) கையால் சுற்றினால் எங்கும் உரசாமல் வர வேண்டும். வரவில்லை என்றால் பலம் போட்டு உடைக்காதீர்கள், ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிளைவீல் சாவியையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் இன்ஜின் ஓடும்போது டொக் டொக் என்று அடிக்கும், ஆளும் பேரிங் போய்விட்டது என்று நினைத்து இன்ஜினையே பிரித்துவிடுவார். சைலன்ஸர் குழாயில் சுற்றியிருக்கிற வெள்ளைக் கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அதைக் காய்ந்தபடி பிய்க்காதீர்கள், நனைத்து முழுசாக எடுத்துப் பையில் கட்டிவிடுங்கள்.

ஹேண்டில் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள், திருப்பி அடித்தால் மணிக்கட்டு தப்பும். ஓட ஆரம்பித்ததும், வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரின் ஸ்பிரிங்கை இறுக்கி வேகம் ஏற்றுகிற ஆசை வேண்டாம். 2 அடி பிளைவீல் 650 சுற்றில் நிமிடத்துக்கு 4,000 அடி சொச்சம் போகிறது. அதை 1,000 சுற்றுக்கு ஏற்றினால் 6,000 அடியைத் தாண்டிவிடும், தட்டு மிஷினுக்குச் சொன்ன ஒரு மைல் எல்லைக்கு மேலே.

தட்டு மிஷினை முதல் நாள் ஓட்டும்போது சக்கரத்துக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது, பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். கத்தியில்லாமல், தட்டில்லாமல் வெறுமனே அரை மணி நேரம் ஓடட்டும். சுற்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றால் வெளிச்சம் காட்டி அளக்கிற டேக்கோமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 240க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். நிறுத்தியதும் பேரிங் வீட்டின் மேல் புறங்கையை வையுங்கள். வைத்துக்கொண்டே பத்து வரை எண்ண முடிந்தால் சூடு சரியான அளவில் இருக்கிறது. கை பொறுக்கவில்லை என்றால் கிரீஸ் போகவில்லை, அல்லது ஷாப்ட் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அதைச் சரி செய்த பிறகு கத்தியைப் பூட்டி, பச்சைத் தட்டில் ஆரம்பியுங்கள். காய்ந்த சோளத்தட்டை ஒரு வாரம் கழித்து, போல்ட்டுகளை எல்லாம் மறுபடி ஒரு சுற்று இறுக்கிய பிறகு ஊட்டலாம்.